சஹனில் விழுந்த சோறு

கிள்ளான்
மலேசியா, 12 ஜனவரி 2025

அன்பு மருமகள் மெஹ்ரினுக்கு,

உன் தாய்மாமன் நஜ்முதீன் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் என் பேரனும் (பேரன்தான், நான் சொன்னால் தப்பாது) சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். போனில் பேசினால் நீ நடுவில் "சரி மாமா, சரி மாமா" என்று வெட்டிவிடுகிறாய். கடிதத்தை வெட்ட முடியாது பார்.

உன் செய்தி வந்தது. உன் வாப்பாவுக்குக் கைகால் நரம்பெல்லாம் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும் நோய், கடைசியில் மூச்சையும் பிடிக்கும், ஏழு மாத வயிற்றோடு உன்னால் லீட்ஸிலிருந்து வர முடியாது, நான்தான் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று எழுதியிருந்தாய். படித்து முடித்ததும் கடைக்குப் போய் ஒரு தே தாரிக் டீ குடித்தேன். சீனி கூடுதலாகப் போடச் சொன்னேன்.

என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்காதே. உன் வாப்பா அப்துல் ரஹ்மான் எனக்குச் செய்தது உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது. 2022 நவம்பர், உன் கல்யாணம். உன் உம்மா மஜீதா மௌத்தான பிறகு அவள் பக்கத்து ஆள் என்று அந்த மண்டபத்தில் நான் ஒருவன்தான். எண்ணூறு பேருக்குச் சமைத்தேன். நெய்ச்சோற்று வாசம் ஷா ஆலம் வரை போனதாக அங்கிருந்து வந்த போலீஸ்காரரே சொன்னார். விருந்துக்குச் சமைக்கும் பண்டாரி கிள்ளானில் ஆயிரம் பேர் இருக்கலாம். வாசலில் டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனுஷர் ஒருவர் சொந்தப் பாத்திரத்தோடு வந்து நின்றது எனக்கு மட்டும்தான்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் இரண்டு பேர், உன் வாப்பா, நான். நாலு பேருக்கு ஒரு சஹன். ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிட்டால்தானே உறவு. உன் வாப்பா ஒரு பிடி எடுத்தார். வாய் வரை கொண்டுபோய் சஹனிலேயே போட்டார். மறுபடி எடுத்தார், மறுபடி போட்டார். எழுந்து கை கழுவப் போனவர் திரும்பி வரவே இல்லை. சபையே பார்த்தது. மறுநாள் கிள்ளான் பூராவும், "நஜ்முதீன் சமைச்ச சோத்தை சொந்த மச்சானே துப்பிட்டாராம்லா!" அதற்குப் பிறகு எத்தனை கல்யாணம் வேறு பண்டாரி கைக்குப் போனது என்று எழுதினால் தாள் பத்தாது.

அன்றைக்கே நெஞ்சுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டேன்: இந்த மனுஷனை ஒருநாள் என் கையால் தின்ன வைக்காமல் விடமாட்டேன்.

கூட்டிப்போகிறேன். ஆனால் அவர் வாயாலேயே கேட்கட்டும்: "மச்சான், எனக்கு உதவி செய்." கேட்கிற சத்தம் நாலு பேர் காதில் விழ வேண்டும்.

உன் மாமா,
நஜ்முதீன்
(கிள்ளான் பண்டாரிகளில் முதல்வன்)


லீட்ஸ்
19 ஜனவரி 2025

அன்பு மாமாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாவது முறை சிரிப்பு வரவில்லை.

வாப்பா யாரிடமும் எதுவும் கேட்கிற ஆள் இல்லை. அவருக்காக நான் கேட்கிறேன். மாமா, எனக்கு உதவி செய்யுங்கள். போதுமா?

விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். இந்த நோய்க்கு ஒரு புது மருந்து சோதனையில் இருக்கிறது. எங்கும் விற்பனைக்கு வரவில்லை. முதுகுத்தண்டில் ஊசியாகப் போடுவார்கள். போன கை திரும்ப வராது. ஆனால் சில பேருக்கு நோய் மேலே ஏறுவதைப் பிடித்து நிறுத்துகிறது. நான் மருந்துக்கடையில் வேலை செய்வதால் அலைந்து தேடிப்பிடித்தேன். சோதனைக்கு வெளியே உள்ள சில நோயாளிகளுக்கும் அந்தக் கம்பெனி இலவசமாகக் கொடுக்கிறது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் டாக்டர் நிலானி விண்ணப்பம் எழுதச் சம்மதித்திருக்கிறார்.

கம்பெனி பார்ப்பது இரண்டு. மூச்சு ஊதும் பரிசோதனையில் தேற வேண்டும். நோய் தொடங்கி இரண்டு வருடம் தாண்டியிருக்கக் கூடாது. தாண்டியவர்களுக்குக் கொடுப்பதே இல்லை. 2023 ஹஜ்ஜுப் பெருநாள் சமயம் ஜவுளிக்கடைப் பூட்டைத் திறக்கக் கை வரவில்லை, அதுதான் ஆரம்பம் என்கிறார் வாப்பா. அப்படியென்றால் இன்னும் சில மாதம் இருக்கிறது.

பிப்ரவரி நான்காம் தேதி காலையில் போய்வாருங்கள். டாக்டர் கேட்பதற்கு வாப்பாவே பதில் சொல்லட்டும். நீங்கள் அங்கே எந்தக் கதையும் சொல்ல வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் மருமகள்,
மெஹ்ரின்


கிள்ளான்
5 பிப்ரவரி 2025

அருமை மருமகளே,

வெற்றி! உட்கார்ந்து படி.

ஒன்பது மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பத்து மணிக்குத்தான் போனேன். வேண்டுமென்றேதான். உன் வாப்பா கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தானைக் கடைப்பையன் தம்புசாமி மாற்றிப் போட்டுவிட்டிருந்தான்.

"ஏன் லேட்டு?"

"பெரிய மனுஷனுக்கு ஆயிரம் வேலை இருக்கும்லா, மச்சான்."

காரில் சீட் பெல்ட்டை நான்தான் மாட்டிவிட்டேன். கொஞ்சம் இறுக்கி. ஃபெடரல் நெடுஞ்சாலை பூராவும் என் வாயை நான் மூடவில்லை, அவர் வாயை அவர் திறக்கவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் போனதும் பசியாறக் கடையில் உட்கார்ந்தோம். ரொட்டி சானாய் சொன்னேன். எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. நான் சாப்பிட்டு முடித்தேன். அவர் ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், இந்தக் கடை சோறும் பிடிக்கலியா?" என்றேன், பக்கத்து மேசைக்குக் கேட்கிற மாதிரி.

"கை வரலை."

"என்னது? காதுல விழலை."

"ஊட்டி விடு, நஜ்மு."

ஊட்டிவிட்டேன். "பெருசா திறங்க மச்சான்" என்றேன். திறந்தார். அந்தத் துண்டு உள்ளே இறங்கியபோது என் நெஞ்சில் ஐஸ் தண்ணீர் ஊற்றியது போல இருந்தது. பக்கத்து மேசைக்காரர், "உங்களை மாதிரி மச்சான் கிடைக்க குடுத்து வச்சிருக்கணும் அண்ணே" என்றார். உண்மைதான் என்றேன்.

அடுத்து டாக்டர். மூச்சு ஊதும் குழாயில் உன் வாப்பா தேறிவிட்டார். நான் பக்கத்தில் நின்று "ஊதுங்க, ஊதுங்க" என்று கத்தியதால்தான் தேறினார். நர்ஸே எனக்குக் கை கொடுத்தாள். எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் நிலானி கேட்க, உன் வாப்பா ஹஜ்ஜுப் பெருநாள், கடைப் பூட்டு என்று சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டார்.

நீ சொல்லியிருந்தாய் என்று நான் நாக்கைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அந்த டாக்டரம்மா யாழ்ப்பாணக் குடும்பம், படித்த முகம், என்னைப் பார்த்து, "நீங்க அவருக்கு ரொம்ப நெருக்கமா, அங்கிள்?" என்று கேட்டுவிட்டார். நெருக்கமா! இதற்கு மேலும் சும்மா இருந்தால் நான் மனுஷனா? கல்யாணத்தில் நடந்ததை எடுத்துவிட்டேன். சஹன், சபை, துப்பிட்டாராம் என்ற பேச்சு, எல்லாம்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எந்தக் கை அங்கிள்?"

"வலது கை. விரலை விரிச்சு, வேணும்னே போட்டாரு."

"திரும்ப எடுத்தாரா?"

"எடுத்தாரே! மூணாவது தடவை இடது கையால வலது மணிக்கட்டைப் பிடிச்சுத் தூக்கினாரு டாக்டர். தூக்கி, அப்பவும் போட்டாரு. அவ்வளவு கொழுப்பு!"

உன் வாப்பா, "நஜ்மு, போதும்" என்றார். போதுமா? இத்தனை நாள் காத்திருந்தவன் நான். கல்யாண வீடியோ போனிலேயே இருக்கிறது, ஊரில் நான் காட்டாத ஆள் இல்லை. டாக்டருக்கும் காட்டினேன். அவர் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். என் கதையை இவ்வளவு மரியாதையாக ஒருவரும் கேட்டதில்லை. எந்த மாதம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். உன் வாப்பா தரையைப் பார்த்தபடி இருந்தார். வெட்கம், வேறென்ன!

திரும்பி வந்து, கிள்ளானில் பெல்ட்டைக் கழற்றும்போதுதான் சொன்னார்: "அன்னிக்கு சோறு நல்லாத்தான் இருந்துச்சு, நஜ்மு."

பார்த்தாயா? விழுந்துவிட்டார். என் கணக்குத் தீர்ந்தது. இனி மருந்து வரட்டும், நானே தூக்கிக்கொண்டுபோய் ஊசி போட்டுக் கொண்டுவருகிறேன்.

வெற்றி பெற்ற உன் மாமா,
நஜ்முதீன்


லீட்ஸ்
3 மார்ச் 2025

நஜ்முதீன் அவர்களுக்கு,

கம்பெனி மறுத்துவிட்டது.

நோய் தொடங்கியது 2022 நவம்பர் என்று டாக்டர் நிலானி எழுதினார். வீடியோவைப் பார்த்த பிறகு வேறு எதையும் எழுத அவரால் முடியாது. நான் அவரைக் குறை சொல்லவில்லை. அது உண்மை. உங்கள் சோற்றை வாப்பா துப்பவில்லை. அவருடைய கை முதன்முதலாக அவரைக் கைவிட்டது அந்தச் சஹனில்தான். மண்டபத்துப் பின்பக்கம் குழாயடியில், மூட முடியாத கையோடு எல்லோரும் போகும் வரை நின்றிருக்கிறார். என் கல்யாணம் கெட்டுவிடும் என்று வாயைத் திறக்கவில்லை. பிறகு மருந்துக்காக அந்த நாளை மறைத்தார். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர், ஊருக்கெல்லாம் காட்டியவர் நீங்கள்தான். பார்த்தும் என்னவென்று தெரியாமல் இருந்தீர்கள்.

இரண்டு வருடம் என்று உங்களுக்கு எழுதியிருந்தேன். கதை சொல்லாதீர்கள் என்று கெஞ்சியிருந்தேன்.

பழி வாங்க ஆசைப்பட்டீர்கள். இதைவிட முழுதாக யாரும் வாங்கியிருக்க முடியாது.

இதை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார் வாப்பா. "அவன் தாங்க மாட்டான்மா" என்றார். அதனால்தான் சொல்கிறேன். தாங்காதீர்கள். சோற்றுப் பானையைத் திறக்கும்போதெல்லாம் உங்களுக்கு அந்தக் கை தெரியட்டும்.

ஊட்டிவிட ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருக்கிறேன். நீங்கள் அந்த வீட்டுப் பக்கம் போக வேண்டாம். பிள்ளை பிறந்தால் உங்களுக்குச் செய்தி வராது.

மெஹ்ரின்


கிள்ளான்
28 மார்ச் 2025

மெஹ்ரினுக்கு,

மருமகள் என்று எழுதப் பயமாக இருக்கிறது. பிள்ளை பிறந்திருக்கும். பேரன் என்று நான் சொன்னது சும்மா. எனக்கு எப்படித் தெரியும்?

உன் கடிதம் வந்த மறுநாளே டாக்டரிடம் போனேன். தனியாகப் போகவில்லை. லோரி ஓட்டுகிற லோகனையும் நாசி லெமாக் சோறு விற்கிற குமுதா அக்காவையும் கூட்டிப்போனேன். "டாக்டர், நான் பொய்யன். இவங்களைக் கேளுங்க" என்றேன். லோகன், "இவன் வாய்ல ஒரு உண்மை வந்து நான் பார்த்ததே இல்லை டாக்டர்" என்றான். "டத்தோ பாத்திரத்தோட வந்தாருன்னு சொல்வான். வந்தது டத்தோவோட டிரைவர், அதுவும் வழி கேட்க" என்றாள் குமுதா அக்கா. டாக்டர் எங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "அங்கிள், நீங்க பொய்யர்னு நான் நம்புறேன். வீடியோ பொய் சொல்லலையே" என்றார்.

வாழ்நாளில் ஒரு தடவை உண்மை சொன்னேன் மெஹ்ரின். அதுவும் உண்மை என்று தெரியாமல்.

போனிலிருந்து வீடியோவை அழித்துவிட்டேன். அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்தக் கை கண்ணுக்குள் வந்துவிட்டது.

நீ போகாதே என்றாய். போனேன். நீ வைத்த பெண் என்னை உள்ளே விடவில்லை. நல்ல பெண், அவளைத் திட்டாதே. உன் வாப்பாதான் உள்ளிருந்து, "அவனை வரச் சொல்லு" என்றார். குரல் குழறுகிறது இப்போது. நான் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னது இது. ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை. நீ நம்பமாட்டாய், நம்பும்படி நான் நடந்ததில்லை.

"மன்னிக்கிறதுக்கு உன்னைக் கூப்பிடலை, நஜ்மு. தினமும் வா. நீயே சமைச்சு எடுத்துட்டு வா. ஒவ்வொரு வாயா ஊட்டு. அது எவ்வளவு கஷ்டப்பட்டு இறங்குதுன்னு பக்கத்துல உக்காந்து பாரு. நான் இருக்கிற வரைக்கும் பாரு. அதுதான் உனக்கு."

நான் வாங்கியது பழியே இல்லை. பழி வாங்கத் தெரிந்தவர் உன் வாப்பாதான்.

தினமும் போகிறேன். நோன்புக் கஞ்சியை நன்றாக மசித்து எடுத்துப்போகிறேன். பாங்கு சொன்னதும் நான் நோன்பு திறந்து, அவருக்கு ஊட்டி, மிச்சத்தை அதிலேயே நான் சாப்பிட வேண்டும். கிண்ணம் கூடாது, சஹனில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஒரு வாய் இறங்குவதற்குள் கண்ணில் தண்ணீர் வருகிறது அவருக்கு. புரைக்கேறினால் மூச்சு நின்று வருகிறது. நான் முகத்தைத் திருப்பினால், "இங்க பாரு" என்கிறார்.

பெருநாள் கழிந்ததும் வயிற்றில் குழாய் வைக்கிறார்கள். அதற்குப் பிறகு வாய் வழியாக எதுவும் இல்லை.

நேற்று நெய்ச்சோறு கேட்டார். டாக்டர்கள் கூடாது என்றிருக்கிறார்கள். ஒரே ஒரு வாய் என்றார். உன் கல்யாணத்துக்கு வைத்த அதே பக்குவத்தில் வைத்து, கூழாக மசித்துக் கொண்டுபோனேன். எடுத்து வாய் வரை கொண்டுபோனேன். என் கை தவறி, சோறு சஹனில் விழுந்துவிட்டது.

உன் வாப்பா சஹனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஊர்ல போய்ச் சொல்லவா?" என்றார்.

நான் விழுந்ததை ஓரமாக ஒதுக்கிவிட்டு வேறு பிடி எடுக்கப் போனேன்.

"எடு. விழுந்ததையே எடுத்து ஊட்டு" என்று சொல்லி, வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்.

நஜ்முதீன்