தலையணையில் இருந்த ஈரம்

லெவினா,

சிங்கி இறாலுக்கு முழுகப் போகிறேன். நீர் வற்றுவதற்குள் படகை எடுக்க வேண்டும், அதனால் உங்கள் இருவரையும் எழுப்பவில்லை. சட்டியில் மீன் சாறு இருக்கிறது, துணியில் ரொட்டி சுற்றி வைத்திருக்கிறேன்.

தலித்தாவின் மருந்து ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. நன்றாகக் குலுக்கிக் கொடு. அவள் சிரித்து விளையாடினாலும் சொன்ன நாள்வரை நிறுத்தாதே. காதில் வரும் சீழைத் துடைக்க டிஷ்யூவைத் திரித்து மேசையில் வைத்திருக்கிறேன். பத்து மணிக்கு கிளினிக்கிலிருந்து ஏட்டி அக்கா வந்து பார்ப்பார். நாயைக் கட்டிப் போடு.

அக்கா முதல் நாளே, "நம்ம தீவுப் பிள்ளைங்களுக்குக் காது சீக்கிரம் கெட்டுப்போகும், காத்திருக்கக் கூடாது தம்பி, இன்னிக்கே குடு" என்று மருந்தைக் கையில் தந்தார். நான்தான், "கெய்ன்ஸ் டவுன்ல தங்கச்சி பிள்ளைக்கு மருந்தில்லாமலே சரியாச்சு, ரெண்டு நாள் பாப்போம்" என்று உன்னைத் தடுத்தேன். மூன்றாம் நாள் பிள்ளையின் அழுகை நின்றதும், "பாத்தியா, தானா சரியாயிடுச்சு" என்று பெருமையடித்தேன். நீ தலையணையில் இருந்த ஈரத்தைக் காட்டினாய். செவிப்பறை கிழிந்துதான் வலி போயிருந்தது. "எனக்கும் சின்ன வயசுல இப்படித்தான் அழுகை நின்னுச்சாம்" என்று உன் இடது காதைத் தொட்டாய். அதற்குப் பிறகு என்னோடு நீ பேசவில்லை.

ஏனோக்

சாவி ஆணியில் தொங்குகிறது.

இன்னொன்று. நேற்று நீ துணி காயப்போடும்போது உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன். உன் இடது பக்கம் நின்று கேட்டேன். அந்தக் காது கேட்காது என்று தெரிந்துதான் அங்கே போய் நின்றேன்.