பிள்ளைகளை எண்ணி ஏற்றுங்கள்

1958 ஆகஸ்ட். ஜெயபாலன் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தபோது, அவன் மனைவி சாரதாம்பாள் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதினாள். காஜா பேராங் ஊர்ப் பிள்ளைகளை அவன் இன்று விடுமுறை முகாமுக்கு ஏற்றிப் போகிறான். போன வருஷத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

"ஏங்க, சோறும் நெத்திலி சம்பலும் மூடி வச்சிருக்கேன். சாப்பிட்டுட்டுப் போங்க. சாவியைப் பக்கத்து வீட்டுப் பொன்னம்மாகிட்ட கொடுத்துடுங்க. நான் புக்கிட் பாருவுக்கு, அக்கா வீட்டுக்குப் போறேன். கோபமில்ல. லாரி நிறையப் பிள்ளைங்களைப் பார்க்க என்னால முடியாது.

பின்பலகையை நீங்களே பூட்டுங்க. வழியில எங்க நிறுத்தினாலும் எண்ணிப் பார்த்துட்டுக் கிளம்புங்க. போன வருஷம், 'பிள்ளைங்களை எண்ணாதீங்க, கண்ணு பட்டுடும்'னு சொன்னவ நான்தானே? தண்ணி குடிக்க இறங்கின நம்ம மக கோமதியை விட்டுட்டு லாரி கிளம்பிடுச்சு. பின்னாலேயே ஓடி வந்தவ, கார்ல அடிபட்டுப் போயிட்டா. ஊரே உங்களைத் திட்டுச்சு. நீங்க என்னைக் காட்டிக் கொடுக்கல. நானும் வாயைத் திறக்கல. இன்னிக்கு அக்காகிட்ட சொல்லிடுவேன்."

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். தாளில் இடமில்லை. ஓரத்தில் பொடி எழுத்தில் நெருக்கி எழுதினாள்:

"இன்னிக்கு இருபத்துமூணு பிள்ளைங்க. நீங்க இன்னமும் வடை வாங்கினா மூணுதான் வாங்கிட்டு வர்றீங்க. அதனால சொல்றேன். இருபத்துநாலுன்னு வந்தா பதறாதீங்க. இறங்கி முகத்தைக் கழுவிட்டு, மறுபடி எண்ணுங்க."