நீங்கள் சொன்ன அளவும் நான் சொன்ன வேகமும்

ஏனுங்க,

இப்படிக் கூப்பிட்டால் "என்ன அம்மிணி?" என்று தோப்பிலிருந்தே குரல் வரும். இனி வராது என்று தெரியும். தெரிந்துதான் கூப்பிடுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து உங்களை வேறு எப்படியும் கூப்பிட்டுப் பழக்கமில்லை, இப்போது போய்ப் புதிதாக எதைக் கற்றுக்கொள்வது?

உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை நாலு பேர் முன்னால்தான் சொல்ல வேண்டும் என்று பந்தயம் கட்டும்போதே கறாராகச் சொல்லிவிட்டீர்கள். அதனால்தான் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று முணுமுணுக்காமல் ஊரறிய எழுதுகிறேன். ஆனால் உடனே சொல்லிவிடுவேன் என்று நினைக்காதீர்கள். முதலில் மற்றக் கதை. கொஞ்சம் பொறுங்கள், இப்போது உங்களுக்கு என்ன அவசரம்?

தோப்பு நன்றாக இருக்கிறது. இந்த வருஷம் மழை ஏமாற்றவில்லை. நம் மகள் பாப்பாவுக்குச் சித்தூர் காலேஜில் கடைசி வருஷம். பொள்ளாச்சி பஸ் இன்னும் நம்மைக் கண்டால்தான் வேகமெடுக்கிறது. கொழிஞ்சாம்பாறையில் உங்களுக்குக் கம்ப்யூட்டர் மவுஸ் மவுஸாக விற்ற ஜப்பார் அண்ணன் போன வாரம் கடை வாசலில் நிறுத்தி, "டீச்சரே, அவர் போன பொறவு நம்ம கடைல மவுசு வாங்க ஆளே இல்ல" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவர் மவுச மாத்துனாரு, பாய விரிச்ச மாதிரி அதுக்கடியில போடறத மாத்துனாரு. கைய மட்டும் மாத்தல" என்று நீங்கள் இருந்தபோது கிண்டல் செய்தவரும் அவர்தான்.

இதைப் படிக்கும் நாலு பேருக்காக விவரம் சொல்லிவிடுகிறேன். ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலத்தில் எங்கள் மகள் கம்ப்யூட்டரில் ஒரு ஆட்டத்தை ஏற்றினாள். பாட்டு ஓடும். திரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வட்டங்கள் தோன்றும். தாளம் விழும் நொடியில் அம்புக்குறியைச் சரியாக அந்த வட்டத்தின் மேல் கொண்டுபோய்த் தட்ட வேண்டும். தொடர்ந்து தவறவிட்டால் பாட்டு பாதியில் நின்றுவிடும். மகளுக்குச் சீக்கிரமே சலித்துவிட்டது. தேங்காய் லோடு ஏற்றுகிற அவள் அப்பாவும், தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிற அவள் அம்மாவும் வசமாக மாட்டிக்கொண்டோம்.

அவர் மவுஸ். நான் டேப்லெட். அதாவது ஆன்லைன் வகுப்பில் கணக்குப் போட்டுக் காட்ட வாங்கிய எழுதுபலகை. பேனாவை அதன்மேல் நகர்த்தினால் திரையில் அம்பு நகரும். பலகை முழுவதையும் திரைக்கு ஒப்படைக்கலாம், அல்லது அதில் ஒரு சின்னக் கட்டத்தை மட்டும் ஒப்படைக்கலாம். கட்டம் சின்னதானால் கை கொஞ்சம் நகர்ந்தாலே அம்பு திரை முழுக்க ஓடிவிடும். மவுஸிலும் இதே கதைதான், அங்கே அதற்கு வேகம் என்று பெயர்.

இந்த ரெண்டையும் வைத்து நாம் போட்ட சண்டை இருக்கிறதே! நகைக்கும் நிலத்துக்கும் கூட அவ்வளவு சண்டை வந்ததில்லை.

"பலக பூராக் கைய வீசறதுக்கு இதென்ன களத்துமேடா அம்மிணி? தீப்பெட்டி அளவுக்குக் கொறச்சு வெய்யி. மணிக்கட்ட அசச்சாப் போதும்."

"என்ற பலகைய உடுங்க. உங்க மவுசப் பாருங்க மொதல்ல. நீங்க தும்முனா அம்பு அந்தக் கோடிக்குப் போயி நிக்குது. வேகத்தக் கொறைங்க."

"நாள் பூராத் தூக்கித் தூக்கித் தோளு உட்டுப் போச்சு. வேகம் எச்சா இருந்தாத்தான் வெரல அசச்சாலே போயிச் சேருது."

"போயிச் சேருதுங்க. வட்டத்துக்கு அந்தப் பக்கம்!"

பேய்ப் பாட்டு என்று நீங்கள் பெயர் வைத்த அந்தப் பாட்டில்தான் பந்தயம் வந்தது. நடுவில் ஒரு இடத்தில் வட்டங்கள் மூலைக்கு மூலை தாவும். ரெண்டு பேருமே அங்கேதான் குப்புற விழுவோம். முழுப் பலகையில் நான் அதை முடித்தால் நான் ஜெயித்தேன். என்றைக்காவது அளவைக் குறைத்து முடித்தேன் என்றால் நீங்கள் சொன்னதே சரி என்று நாலு பேர் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். கையடித்துச் சத்தியம் செய்தோம், நினைவிருக்கிறதா?

அப்புறம் நீங்கள் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாட்டு மட்டும் முடியாமல் கிடந்தது.

கம்ப்யூட்டரை ரொம்ப நாள் துணி போட்டு மூடியே வைத்திருந்தேன். மார்க் ஏற்றுவதற்காகத் திறந்தபோதுதான் உங்கள் மவுஸ் வேகம் என்னைப் படுத்திய பாடு தெரிந்தது. ஒரு பையனுக்கு மார்க் போடப் போனால் அம்பு வேறொருவன் பெயரில் போய் நிற்கிறது. பாப்பா, "அப்பா வெச்ச வேகத்தக் கொறச்சிரலாமுங்ளாம்மா?" என்றாள். "கைய வெச்சீன்னா கெட்ட கோவம் வரும்" என்றேன்.

மறுபடி பேய்ப் பாட்டை ஆட ஆரம்பித்தேன். எப்படியாவது அதை முடிக்க வேண்டும், உங்களிடம் தோற்கவும் கூடாது. முடிக்காமல் கிடந்தால் நம் பேச்சு பாதியில் அறுந்தது போல இருந்தது. முழுப் பலகையிலேயே ஆடினேன். ஒவ்வொரு தடவையும் அதே நடுப்பகுதி, அதே மூலை, அதே குப்புற விழுகை. தோள் வலித்து, கரும்பலகையில் எழுதக் கூடக் கை தூக்க முடியவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை, "டீச்சர், நாங்க எழுதட்டுங்ளா?" என்று சாக்பீஸை வாங்கிக்கொண்டது.

அன்றைக்குத்தான் அளவைக் குறைத்தேன். மனசுக்குள் உங்களைத் திட்டிக்கொண்டே குறைத்தேன்.

முதலில் சதுரமாகக் குறைத்து வைத்தேன். நேராகப் போக வேண்டிய அம்பு கோணிக்கொண்டு போயிற்று. பாப்பா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்ம்மா, நீங்க கணக்கு டீச்சர்தானுங்ளே? திரை அகலத்துக்கும் ஒசரத்துக்கும் என்ன விகிதமோ அதேதான பலகைலயும் வேணும்?" என்றாள். விகிதம் பாடத்தை எத்தனை வருஷமாக நடத்துகிறேன் நான்! இது மட்டும் வெளியே தெரிய வேண்டாம் என்று அவளிடம் கெஞ்சினேன். இப்போது நானே எழுதிவிட்டேன்.

அப்புறம் நீங்கள் சொன்ன தீப்பெட்டி அளவு. ஐயோ, அதில் மூச்சு விட்டாலே அம்பு நடுங்குகிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கிக்கொண்டே வந்து, ஒரு சீட்டுக்கட்டு அளவில் கை நிலைத்தது. திரையைப் பார்த்துக்கொண்டே ஆடும்போது அந்தக் கட்டத்தின் ஓரம் கைக்குத் தெரிய வேண்டுமே? என் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து நாலு மூலையிலும் ஒட்டினேன். விரலில் தட்டுப்பட்டால் ஓரம் வந்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

அந்தப் பொட்டுக்கும் ஒரு கதை இருக்கிறது. நீங்கள் போன பிறகு ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்கள் சிலர், "இனி பொட்டு எதுக்கு அம்மிணி?" என்று ஜாடையாகச் சொன்னார்கள். போன மாதம் வந்தவர்கள் கண்ணில் பலகை பட்டது. "இதென்ன, கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெச்சிருக்குது?" என்றார்கள். "அதுக்கு நாலு, எனக்கு ஒண்ணுங்க" என்று சொல்லிவிட்டுக் காபி கொண்டுவரப் போனேன். நெற்றியில் பொட்டோடுதான் போனேன். நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

சரி. இனியும் இழுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு உண்டுவிட்டு உட்கார்ந்தேன். அந்த நடுப்பகுதி வந்தது. மணிக்கட்டு மட்டும் அசைந்தது, தோள் பேசாமல் இருந்தது. தாவிய மூலைக்கெல்லாம் பேனாவும் தாவியது. பாட்டு கடைசி வரைக்கும் ஓடி முடிந்தது.

நீங்கள் சொன்னதுதான் சரி. பலகை அளவைக் குறைத்திருக்க வேண்டும். தீப்பெட்டி இல்லை, சீட்டுக்கட்டு. ஆனாலும் குறைத்திருக்க வேண்டும். நாலு பேர் என்ன, படிக்கிற அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன். போதுமா?

முடிந்ததும் சந்தோஷப்படத்தான் நினைத்தேன். ஆனால் ஜெயித்தவர் கத்த வேண்டுமல்லவா? லோடு ஏற்றுகிற ஆட்களையெல்லாம் கூப்பிட்டு, "டீச்சர் தோத்துப் போச்சு!" என்று நீங்கள் ஊரைக் கூட்டியிருக்க வேண்டும். வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. அப்போது பாப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, அச்சு அசல் உங்கள் குரலில், "எத்தன தடவ சொன்னேன் அம்மிணி! ஒருக்காலாவது கேட்டியா?" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சிரித்தேன். அவளும் அழுதாள். ஆனால் அந்த லொள்ளுக் குரலை மட்டும் விடவில்லை.

நான் ஒத்துக்கொண்டாயிற்று. நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? அன்று சாயங்காலம் பொழுதோடு உங்கள் மவுஸ் வேகத்தைக் குறைத்தேன். பாதியாகவே குறைத்தேன். அம்பு மனிதர் நடக்கிற மாதிரி நடந்தது, மார்க்கெல்லாம் அந்தந்தப் பையன் பெயரிலேயே விழுந்தது. நான் சொன்னதும் சரிதான், இதையும் படிக்கிறவர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

நீங்கள் இருந்தபோது நான் எப்போது அந்த வேகத்தைக் குறைத்தாலும், காலையில் வாசல் தெளித்துவிட்டு வருவதற்குள் அது பழையபடி ஏறியிருக்கும். கேட்டால் ஒன்றுமே தெரியாதது போல டீயை உறிஞ்சுவீர்கள். மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். வேகம் நான் வைத்த இடத்திலேயே இருந்தது.

அப்புறம் நானே ஒரு புள்ளி ஏற்றி வைத்தேன். "யாரு இத ஏத்தி வெச்சது?" என்று சத்தமாகவும் கேட்டேன். அடுப்படியிலிருந்து பாப்பா, "எனக்கென்னங்ம்மா தெரியும்?" என்றாள்.

இனி இப்படித்தான் செய்யப் போகிறேன். என் பக்கத்துக்கு ஒரு நாள் குறைப்பேன், உங்கள் பக்கத்துக்கு ஒரு நாள் ஏற்றுவேன். என் உயிர் உள்ள வரைக்கும் உங்கள் கட்சிக்கும் நானே பேசுவேன், இது சத்தியம். அசந்து போய் நீங்கள் தோற்றுவிட மாட்டீர்கள், கவலைப்படாதீர்கள்.

உங்களிடம் ஒரே ஒரு தடவை தோற்ற,
உங்க ஊட்டுக்காரி