மதில் விலகாது

அன்புள்ள மருமகனுக்கு,

"மோட்டார் சைக்கிளுக்கு பிரேக் தேஞ்சா என்ன மாமா, ஹாரன் அடிச்சா ஆளு விலக மாட்டாவளா?" என்று ஒருநாள் கேட்டாய். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன். ஆடு விலகும், ஆள் விலகும். பத்மநாபபுரம் இறக்கத்தில் கோட்டை மதில் விலகவில்லை.

பின்னால் இருந்த என் மகளுக்குக் கை முறிந்தது. கோட்டாறு கடைக்காரர் நஜ்முதீன் உனக்காகக் கொழும்பிலிருந்து வரவழைத்த பிரேக் கட்டை, பிரிக்காத பொட்டலமாக உன் அலமாரியிலேயே கிடந்ததாம். புது ஹாரன் பூட்ட மட்டும் உனக்கு நேரம் இருந்திருக்கிறது.

அவளை எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டிருக்கிறாய். "நடந்து வேணும்னா வாறேன்னு எழுதுங்கப்பா" என்கிறாள். நான் அதற்கும் விடமாட்டேன்.

முதலில் கட்டையை மாட்டு. பின்னால் அவள் எடைக்கு நெல்மூட்டை ஏற்றி, அதே இறக்கத்தில், ஹாரனைத் தொடாமல் வண்டியை நிறுத்திப் பார்.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவன்