யாரும் பறக்காத ஒன்பது

மார்ச் 4, கொரோகா
காமோ கணவாய் வழியாக மேற்கே என் சின்ன விமானத்தில் ஒரு நடை. சுமை: காப்பி மூட்டைகள், ஒரு பன்றி, பன்றிக்காரர். வழியெல்லாம் பன்றி கத்தியது. எனக்கு அது துணையாக இருந்தது என்று எழுதவே வெட்கம்.

கீழே எட்டிப் பார்த்தேன். ஒன்பதாயிரம் அடியில் யாருமில்லை. தெரிந்துதான் பார்த்தேன்.

மார்ச் 9
அந்தக் கணவாய்க்குள் ஒருவர் மேல் ஒருவராகத்தான் போக முடியும். ஒதுங்க இடமில்லை. மேற்கே போனால் எட்டாயிரம் அடி அல்லது பத்து. கிழக்கே வந்தால் ஒன்பது. ஏழில் மரங்கள், பதினொன்றில் எப்போதும் மேகம். வழிகாட்ட ஆளில்லை, நாங்களே வானொலியில் உயரத்தைச் சொல்லிக்கொள்கிறோம். நடுவில் அந்த ஆயிரம் அடி இருக்கிறதே, அதில்தான் எல்லார் உயிரும்.

அண்ணன் தன் ஒன்பதில்தான் வந்தான். எதிரே எட்டில் போகவேண்டியவன் அங்கே திரண்ட மேகத்துக்குப் பயந்து ஏறினான், சொல்லாமல். மோதிவிட்டார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் என்ன வைத்திருந்தான் பாவி?

மார்ச் 10
எங்கள் தீவில் தங்கை அண்ணன் பெயரைச் சொல்லக் கூடாது. அதனால் கணவாயில் அவனை உயரத்தை வைத்துத்தான் கூப்பிடுவேன்.

"ஒன்பது, கேக்குதா?"

"கேக்குது பத்து. தூங்காம ஓட்டு."

அவனைப் புதைத்த அன்று விமானிகள் எல்லோரும் ஒன்பதுக்குத் தம்பு, அதாவது தடை, போட்டார்கள். எங்கள் ஊரில் செத்தவர் மீன்பிடித்த பாறைக்குப் போடுவது மாதிரி. விருந்து வைத்து எடுக்கும்வரை யாரும் அங்கே வலை போட மாட்டார்கள். கிழக்கே வருகிறவர்கள் இனி தெற்கே சுற்றி வருவதாகப் பேச்சு. நான் அப்படித்தான் வருகிறேன்.

இன்று கணவாயில் காதுக்குள் ஒரு மூச்சு கேட்டது. என் மூச்சுதான். என்னுடையதாகத்தான் இருக்கும்.

மார்ச் 17
பத்தில் மேற்கே போனேன். எதிரே ஒரு விளக்கு, அதுவும் பத்தில். வண்டியை அப்படியே சாய்த்தேன். அவன் சக்கரத்துச் சேறுகூடத் தெரிந்தது. கெப்பாஸ். அண்ணனின் கூட்டாளி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உயரம் சொல்லியிருக்கிறோம், இரைச்சல்தான் கேட்டது.

கொரோகாவுக்குத் திரும்பி இறங்கியதும் அவன் சட்டையைப் பிடித்தேன். "கெழக்க வர்றவனுக்குப் பத்துல என்னய்யா வேல?"

"ஒன்பது உங்கண்ணனோடது, தங்கச்சி. அதுல எப்பிடி வர்றது?"

"தெக்க சுத்தி வரலாம்ல?"

"சுத்துனா எண்ணெ பத்தல. எல்லாருமே பத்துலதான் வர்றோம். உங்கிட்ட எந்த மூஞ்சிய வச்சிட்டுச் சொல்றது?"

அழுதான். அண்ணனுக்குச் செய்த மரியாதை என்னைக் கொன்றிருக்கும்.

மார்ச் 18
பறக்கவில்லை.

மார்ச் 20
தம்பு எடுக்கத் தாய்மாமன்தான் சொல்லவேண்டும். கமினியேல் மாமாவுக்குப் போன் போட்டேன்.

"வருஷம் திரும்பலியேம்மா. பன்னி வளரட்டும்."

"அதுக்குள்ள இன்னொரு சாவு விழும், மாமா."

"அவன அனுப்ப ஒனக்கு மனசிருக்கா? மொதல்ல அதச் சொல்லு."

இருக்கு என்றேன். பொய். ஒன்பதும் போய்விட்டால் அவன் எங்கே இருப்பான்? அவனைக் கூப்பிட எனக்கு வேறு என்ன பெயர் இருக்கிறது?

"சரி. பன்னி என் பொறுப்பு. ஒன்பதுல மொத வலைய நீதான் போடணும்."

மார்ச் 29
விமானக் கொட்டகையில் விருந்து. பன்றியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும். மாமா எழுந்து, தம்பு எடுத்தாச்சு என்றார். அவ்வளவுதான், எல்லோரும் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

மார்ச் 30
கிழக்கே வந்தேன். வானொலிப் பொத்தானை அழுத்தினேன், விட்டேன். மறுபடி அழுத்தினேன். "கெழக்க வர்றேன். ஒன்பது."

அவன்தான் பதில் சொல்வான் என்று காத்திருந்தேன். பைத்தியம்.

"கேக்குது ஒன்பது. நான் எட்டு," என்றான் எதிரே வந்த கெப்பாஸ்.

என்னைத்தான் அப்படிக் கூப்பிட்டான். கணவாய் முடியும்வரை வாய்விட்டு அழுதேன்.

ஏப்ரல் 12
மேற்கே, பத்தில். கணவாய்க்குள் ஒரு புதுக் குரல், பதற்றத்தோடு: "கெழக்க வர்றேன், ஒன்பது. யாராச்சும் இருக்கீங்களா?"

எட்டிப் பார்த்தேன். எனக்கு நேர் கீழே, ஆயிரம் அடி தள்ளி, கடந்து போனான்.

"கேக்குது ஒன்பது," என்றேன். "தூங்காம ஓட்டு."