அப்பாவின் ஸ்கேனும் உன் கிட்னியும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. அங்கே நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், எங்கள் சுகத்தை முழுக்கப் படித்துவிட்டு நீயே சொல். உன் கிட்னியை வைத்ததிலிருந்து உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, கிட்னிக்காக விழுங்கும் மாத்திரை எதிர்ப்புச் சக்தியை அமுக்கிவிடும், அதனால் புற்றுநோய்கூட வரலாம், உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். இவரோ, எம் பொண்ணு குடுத்தது, அதுல என்ன கோளாறு வரும் என்று அவருக்கே பாடம் எடுத்தார்.

ஊசி போட்டுப் படுக்கவைத்து, மருந்து பரவும் வரை பேசவே கூடாது, புற்று மாதிரியே அசைகிற சதையும் படத்தில் பளிச்சென்று தெரியும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். வாயை மூடுகிற ஆளா உன் அப்பா? பக்கத்துக் கட்டில்காரரிடம் உன் புராணத்தை ஆரம்பித்தார், நீ எழுதிய பரீட்சை, பார்க்கும் வேலை, கொடுத்த கிட்னி. படத்தில் தொண்டை விளக்குப் போட்டது மாதிரி எரிந்தது. புற்றா பேச்சா என்று டாக்டரே முழித்தார். உன் பெரியப்பா வேறு, நல்லா இருக்கிறவன ஆஸ்பத்திரிக்காரன்தான் நோயாளி ஆக்குறான் என்று தீர்ப்புச் சொன்னார், தலைவலி வந்தாலே ஊரைக் கூட்டுகிற ஆசாமி! மறுபடி எடுத்தபோது கண்ணாடிக்கு வெளியே நின்று முறைத்துக்கொண்டே இருந்தேன். தொண்டை அணைந்துவிட்டது. உன் கிட்னிக்குப் பக்கத்தில் ஒரு நெறிக்கட்டி மட்டும் அணையவில்லை. ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள், புற்றுதான்.

உன் கிட்னியால் வந்ததில்லை, மாத்திரையால் வந்தது, அதைக் குறைத்தாலே கட்டி சுருங்க வாய்ப்புண்டு, ஆனால் கிட்னியை உடம்பு தள்ளிவிடலாம் என்கிறார் டாக்டர். இந்த மகான் குறைக்க மாட்டாராம். பொண்ணு அறுத்துக் குடுத்தத வீணாக்கச் சொல்றியா என்று என்மேல் பாய்கிறார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வேறு வாங்கினார். சத்தியமாவது கித்தியமாவது! போன் பேசும்போது பக்கத்திலேயே நிற்கிறார், அதனால்தான் கடிதம். எனக்குப் பயமாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி, ஒற்றைக் கிட்னியோடு இருக்கிறாய். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்த கையோடு அவருக்குப் போன் பண்ணு, மறந்துவிடாதே, அழாதே. நான் குடுத்தது போனாப் போகட்டும், எனக்கு நீங்க வேணும்ப்பா என்று சொல்லிவிடு. நான் சொன்னால் கேட்க மாட்டார், கொடுத்தவள் நீ.

உன் அம்மா