கீறல் குப்பி போன வழி

அக்கா,

இன்று காலை காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போயிருந்தேன். நர்ஸ் மருந்துக் குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். கையை நீட்டி உட்கார்ந்திருந்த எனக்கு வியர்த்துவிட்டது. ஊசிக்குப் பயம் என்று நினைத்துச் சிரித்தாள். அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், இருந்தாலும் உங்களிடமே சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், குரோம்பேட்டைப் பக்கம் நாம் வேலை பார்த்த குப்பித் தொழிற்சாலையில் உங்களுக்கு அதே வேலை. பெல்ட்டின் முதல் இடத்தில் விளக்கு முன்னால் உட்கார்ந்து, கீறல் விழுந்த குப்பி வந்தால் காலால் பெடலை மிதிக்க வேண்டும். அது எட்டாவது இடத்துக்கு வந்ததும் ஒரு தடி அதைத் தொட்டிக்குள் தள்ளிவிடும். நடுவில் எது கீறல், எது நல்லது என்று ஞாபகம் வைத்திருப்பவை எட்டு ரிலேக்கள், மின்சாரத்தால் தானே மாறும் சுவிட்சுகள். பெல்ட் ஓர் இடம் நகர்ந்தால் ஒவ்வொன்றும் தன் குறிப்பை அடுத்ததற்குக் கொடுக்கும். அந்த ரிலேக்கள் இருந்த பேனலை ஒயர் செய்தவன் நான். தாம்பரத்திலிருந்து கிண்டி வரை என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு அப்போது.

ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு பெட்டி திரும்பி வந்தது. உள்ளே கீறல் குப்பிகள். நீங்கள் மிதிக்காமல் தூங்கியிருக்கிறீர்கள் என்று மேனேஜர் முடிவே கட்டிவிட்டார். மறுநாள் மூன்று மணிக்கு விசாரணை. விசாரணை நாள் காலையிலேயே கீறல் குப்பிகளில் மைப்பொட்டு வைத்து அனுப்பிப் பார்த்துவிட்டு நீங்கள் என்னிடம் வந்தீர்கள்.

“நான் மிதிச்ச உடனே தடி அடிக்குது தம்பி. முன்னாடி போற நல்ல குப்பி தொட்டில வுழுது. பொட்டு வச்சது நேரா பெட்டிக்குப் போவுது. இன்னா மெஷினு கட்டிக்கீற நீ?”

எரிந்து விழுந்தேன். நீங்கள் போனதும் பேனலைத் திறந்து பார்த்தேன். தப்பு என்னுடையதுதான். கடைசியிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். ஏழின் குறிப்பை எட்டு வாங்கிக்கொண்ட பிறகு, ஆறின் குறிப்பை ஏழு வாங்க வேண்டும். நான் முதலிலிருந்து தொடங்கியிருந்தேன். ஒன்று கொடுத்ததும் இரண்டில் இருந்த பழைய குறிப்பு அழிந்தது. வந்த புதியதையே இரண்டாவது மூன்றாவதற்குக் கொடுத்தது. கண் மூடித் திறப்பதற்குள் எட்டு வரை ஒரே குறிப்பு. சோதனையின்போது எல்லாம் நல்லதாகவோ எல்லாம் கீறலாகவோதான் ஓட்டியிருந்தேன். நல்லவற்றுக்கு நடுவே ஒரே ஒரு கீறலை விட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் எட்டு ஒயர்களையும் வரிசை மாற்றிக் கட்டினேன். மெஷின் சரியானால் அக்காவும் தப்பித்துவிடுவார் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். என் பெயர்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

மூன்று மணிக்கு மேனேஜர் கண்முன்னால் ஐந்து முறை மிதித்தீர்கள். ஐந்து கீறலும் ஒழுங்காகத் தொட்டியில் விழுந்தன. உங்கள் முகம் வெளிறிப்போயிற்று.

“காலைல இப்படி இல்ல சார்.”

“அப்ப மெஷின் பொய் சொல்லுதா?” என்று அவர் காகிதத்தை நீட்டினார். கவனக்குறைவை ஒப்புக்கொண்டு வேலையை விட்டுப் போவதாக அதில் டைப் அடித்திருந்தது. அந்தப் பெயரோடு போனால் வேறு எந்தத் தொழிற்சாலையும் உங்களைச் சேர்க்காது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், என் பையில் நீட்டிக்கொண்டிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தீர்கள். புரிந்துவிட்டது. பேனாவை வாங்கிக்கொண்டீர்கள்.

“சார், அஞ்சு நிமிஷம் குடுங்க” என்று எழுந்தேன். எல்லோரும் பார்க்க, ஒயர்களைப் பழைய தப்புக்கே திருப்பிக் கட்டினேன். நீங்கள் மிதித்தீர்கள். நல்ல குப்பி தொட்டிக்குப் போனது, கீறல் குப்பி பெட்டிக்குப் போனது. மேனேஜர் காகிதத்தைக் கிழித்துப் போட்டார். நான் வாங்கிய வசவு இரும்புலியூர் வரை கேட்டிருக்கும்.

பிறகு மெஷினை ஓட்டும் சின்னக் கம்ப்யூட்டரான பி.எல்.சி. வந்தது. ரிலேக்கள் போய், அர்ரே என்று எண்களின் வரிசை வந்தது. அதை நகர்த்தும்போதும் கடைசியிலிருந்துதான் தொடங்குவேன். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். கதையில் நீங்கள் பேனாவைத் தொடுவதற்குள் நான் எழுந்துவிடுவேன். கேட்டவர்கள் முதுகில் தட்டிக்கொடுப்பார்கள்.

உங்களிடம் அது எடுபடாது. அன்று உங்கள் பெயரில் கடைசி எழுத்துதான் பாக்கி இருந்தது. அதுவரை நான் உட்கார்ந்தே இருந்தேன். வருகைப் பதிவேட்டில் ஒரே கிறுக்கலில் கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள். அன்று மட்டும் ஒவ்வோர் எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி எழுதினீர்கள். அது நான் எழுந்திருப்பதற்காக என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, அக்கா.